கரண்ட் இல்லாத நாளில் வரும் அசுணம்

எங்கள் வேலாங்காட்டுப்புதூரில் சத்தம் இல்லாத நாள் மாதத்துக்கு ஒன்றே ஒன்றுதான், அது மாதாந்திரப் பராமரிப்பு என்று சொல்லிக் காலை ஒன்பது மணிக்குக் கரண்ட்டை நிறுத்திச் சாயங்காலம் ஐந்து மணிக்குத் திருப்பிக் கொடுக்கும் நாள்; மற்ற நாளெல்லாம் நானூறு விசைத்தறி ராவும் பகலும் தடக்குத் தடக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும், அந்தச் சத்தத்திலேயே பிள்ளை பிறக்கும், அந்தச் சத்தத்திலேயே தாலி ஏறும், அந்தச் சத்தத்திலேயே கிழங்கட்டைகள் கண்ணை மூடும், வெளியூரிலிருந்து ஒறம்பரை, விருந்தாளி என்று வந்தால் அரைமணி நேரத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள், நாங்கள் வெளியூர் போனாலோ சத்தம் இல்லாமல் தூக்கம் வராமல் விடிந்ததும் திரும்பி வந்துவிடுவோம். அப்படிப்பட்ட ஊருக்கு, கரண்ட் இல்லாத ஒரு சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு, அசுணம் வந்தது.

முதலில் பார்த்தவள் நான். என் பேர் தெய்வாத்தாள், பன்னிரண்டு தறிக்காரி, புருசன் இல்லை. ஊரில் என்னைச் சந்தேகப் பிராணி என்பார்கள், என் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள், தறிச் சத்தத்தில் எனக்குக் கேட்காதென்று அவர்களுக்கு நினைப்பு. உதடு படிக்கத் தெரியாமலா நாற்பது வருசம் தறி ஓட்டினேன்? எங்கள் ஊரில் எல்லோருக்கும் உதடு படிக்கத் தெரியும், இருந்தாலும் எல்லோரும் கத்தித்தான் பேசுவோம், பழக்கம் அப்படி, காதில் ரகசியம் சொன்னால்கூட அடுத்த வீதி திரும்பிப் பார்க்கும். சந்தேகம் ஒன்றும் கெட்ட குணமில்லை. பன்னிரண்டு தறியில் எந்தத் தறியில் எந்த இழை எப்போது அறுந்துபோகும் என்று சந்தேகப்பட்டுக்கொண்டே இருப்பவளுக்குத்தான் துணி துணியாக வரும்.

அன்றைக்கு ஜன்னலில் பார்த்தால், என் தறி குடோனுக்குப் பின்னால் இருக்கிற சிமெண்ட் தொட்டி மேலே, என்னிடம் தறி ஓட்டுகிற அங்கப்பனின் மகள் சஷ்டிகா உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு எதையோ முணுமுணுவென்று பாடிக்கொண்டிருந்தாள். எட்டு வயசு. அந்தப் பிள்ளை மேல் எனக்கு ஏற்கெனவே ஒரு சந்தேகம் உண்டு, ஏனென்றால் எங்கள் ஊரிலேயே பிறந்து எங்கள் ஊரிலேயே வளர்ந்தும் அது ஒரு நாளும் கத்திப் பேசியதில்லை. உதட்டை மட்டும் அசைக்கும், எங்களுக்குப் புரிந்துவிடும், அதற்கு மேல் எதற்குத் தொண்டையைக் கிழிக்க வேண்டும் என்று நினைத்ததோ என்னவோ. கத்தாத பிள்ளை எதையோ மறைக்கிறது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அந்தப் பிள்ளையின் மடியில், ஆட்டுக்குட்டி அளவுக்கு ஒரு ஜீவன் தலை வைத்துப் படுத்திருந்தது, சாம்பல் நிறம், சின்ன மூஞ்சி, அந்த மூஞ்சிக்குச் சம்பந்தமே இல்லாமல் வாழைப்பூ மடல் கணக்காக இரண்டு பெரிய காது.

நான் நேராகப் போய், "ஏ அம்மிணி, என்னது இது? யாரோடது?" என்றேன். நான் வாயைத் திறந்ததுமே அது கிடுகிடுவென்று நடுங்கித் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

"மெதுவாப் பேசுங்க பெரியம்மா, அதுக்கு வலிக்குதுங்க" என்றாள் சஷ்டிகா, பாதிச் சத்தத்தில், பாதி உதட்டில்.

"நான் மெதுவாத்தானே பேசுறேன்!" என்றேன். மூன்று வீடு தள்ளி இருக்கிற நாய் குரைத்தது.

சாயங்காலம் நாலே முக்காலுக்கு அது தானாக எழுந்து, கரட்டுக் குன்றுப் பக்கம் நடந்து போய்விட்டது. ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது, நானூறு தறியும் ஒரே மூச்சில் அடிக்க ஆரம்பித்தன. அடுத்த மாதம் கரண்ட் இல்லாத நாளில் பதினொரு மணிக்கு அது மறுபடியும் வந்தது, சஷ்டிகா முருங்கைப்பூ பறித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள், அது ஒவ்வொரு பூவாகத் தின்றது, அவள் பாடினாள், அது தூங்கியது. அதற்குள் ஊரே என் வீட்டுச் சுவரில் ஏறிவிட்டது.

பேரைச் சொன்னது எலிசபெத் டீச்சர்தான், தமிழ் டீச்சர், பெரியவர்களில் அவர் மட்டும்தான் எங்கள் ஊரில் சன்னமாகப் பேசுகிறவர், வெளியூர்க்காரர். "இது அசுணம்" என்றார், மளிகைக் கடையில் இது கொத்தமல்லி என்று சொல்வதுபோல. பழைய பாட்டுகளில் வருமாம், நல்ல இசை கேட்டால் மயங்கி நின்றுவிடுமாம், கொடிய சத்தம் ஒன்று கேட்டால் அந்த இடத்திலேயே உயிரை விட்டுவிடுமாம், அந்தக் காலத்து வேடர்கள் முதலில் யாழை வாசித்து அதைப் பக்கத்தில் வரவழைத்து அப்புறம் பறையை ஒரே அடி அடித்துக் கொல்வார்களாம்.

"அடப் பாவிகளா" என்றது கூட்டம். அடுத்த நொடியே ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரை ஒரு பார்வை பார்த்தோம், இவன் கையில் எதையாவது வைத்திருக்கிறானா என்று.

அசுணம் எங்கிருந்து வந்தது, இத்தனை ஆயிரம் வருசம் எங்கே இருந்தது என்று எங்கள் ஊரில் யாரும் கேட்கவில்லை, அது எங்களுக்குத் தேவையுமில்லை. இது யாருடைய வேலை என்றுதான் கேட்டோம். பக்கத்து ஊர்த் தறிக்காரன் நம் தறியை நிறுத்த ஏவிவிட்டிருக்கிறான் என்றார்கள் சிலர். கரண்ட்காரர்கள் மாதத்துக்கு ஒரு நாளை இரண்டு நாளாக்க இப்படி ஒரு வழி பார்க்கிறார்கள் என்றார்கள் சிலர். அங்கப்பனும் அவன் பெண்சாதி ராசாமணியும் லீவுக்காகப் பிள்ளையைப் பழக்கிவிட்டிருக்கிறார்கள் என்று சொன்னது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் கரண்ட் இல்லாத நாள் வந்தால் யாரும் யாருக்கும் சொல்லாமலே குக்கர் வைக்காமல் பழைய சோறு கரைத்துக் குடித்தார்கள், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள், பஸ்காரனை ஊர் எல்லையிலேயே மறித்து ஹாரன் அடிக்காதே என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள், பச்சைக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனார்கள். ஜீவகாருண்யம் என்று நினைத்துவிடாதீர்கள். அது செத்தால் யார் சத்தத்தில் செத்தது என்று ஊர் கேட்கும், அந்தப் பேர் தன் தலையில் விழக்கூடாதென்ற பயம்.

மூன்றாவது மாதம்தான் வினை வந்தது. நாற்பது ஐம்பது வருசமாகச் சத்தத்துக்கு அடியில் வாழ்ந்தவர்கள் நாங்கள், மனசில் இருப்பதையெல்லாம் வாய்விட்டே பேசிப் பழகியவர்கள், மாமியாரைத் திட்டுகிறவள் மாமியாருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு சத்தமாகவே திட்டுவாள், முதுகுக்கு உதடு இல்லையே, தறிச் சத்தத்துக்கு அந்தப் பக்கம் ஒன்றும் போகாதே. முன்பெல்லாம் கரண்ட் இல்லாத நாளில் ரேடியோவும் குக்கரும் மாவாட்டுகிற சத்தமுமாவது இருக்கும். இப்போது அசுணத்துக்காக அதுவும் நின்று ஊர் கம்மென்று ஆனதும், வாய் மட்டும் பழக்கத்தில் ஓடியது. ஒருத்தி நாத்தனாரைப் பற்றிச் சொன்னது எட்டு வீடு கேட்டது. தறிக்காரர் சங்கத் தலைவர் சென்னியப்பன் போனில் சொன்ன பொய் மாரியம்மன் கோவில் வரைக்கும் கேட்டது. இரண்டு சம்பந்தம் முறிந்தது, ஒரு குடும்பம் இரண்டு அடுப்பானது, பேச்சுவார்த்தை நின்றுபோன வீடுகள் பத்துப் பதினைந்து இருக்கும்.

தங்கள் வாயைத் தாங்களே குற்றம் சொல்வார்களா? ஊர் அசுணத்தைப் பிடித்துக்கொண்டது. "இத்தாச்சோட்டுக் காது எதுக்குங்க? ஒட்டுக் கேக்கத்தானே!" என்றான் சென்னியப்பன், எல்லோரும் தலையை ஆட்டினோம். அது கேட்டுக் கேட்டுச் சஷ்டிகாவிடம் சொல்கிறது, சஷ்டிகா உதட்டசைவில் ஊருக்குச் சொல்கிறாள் என்று முடிவானது. அன்றிலிருந்து ராசாமணி தண்ணீருக்குப் போனால் குழாயடியில் பேச்சு நிற்கும். பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளை பக்கத்தில் உட்கார மற்றப் பிள்ளைகளை விடவில்லை. அந்தக் குழந்தைக்கு ஊரில் இருந்த ஒரே சிநேகிதம் மாதத்துக்கு ஒருநாள் வருகிற அந்த ஜீவன்தான் என்றாகிவிட்டது.

என் வாயும் சும்மா இருக்கவில்லை. எனக்கு ஒரே மகன், யுவராஜ். தறியை விற்றுவிட்டு என்னோடு வாம்மா என்று கூப்பிட்டான், பொண்டாட்டி பேச்சைக் கேட்டு என்னை மொட்டையடிக்கப் பார்க்கிறான் என்று சந்தேகப்பட்டு, என் வீட்டு வாசப்படி மிதிக்காதே என்று சொல்லி அனுப்பிவிட்டேன், ஒன்பது வருசம் ஆகிறது. இந்த ஒன்பது வருசமும் நான் தறிகளுக்கு நடுவில் நடந்துகொண்டே அவனோடு பேசுவேன், முதலில் திட்டுவேன், அப்புறம் கெஞ்சுவேன், பன்னிரண்டு தறிச் சத்தம் இருக்கிற தைரியம். அந்த மூன்றாம் மாதத்துக் கரண்ட் இல்லாத பகலில், நின்றுபோன தறியைத் துடைத்துக்கொண்டே, "சாமி, ஆத்தா சொன்னது தப்புடா, வந்துருடா, ஒருக்கா வந்து மூஞ்சியக் காட்டீட்டுப் போயிருடா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எனக்கே என் குரல் கேட்டது.

வெளியே வந்து பார்த்தேன், வீதியில் ஒரு முகமும் இல்லை. தொட்டி மேல் சஷ்டிகா மட்டும் இருந்தாள், அவள் மடியில் அசுணம், அதன் காது இரண்டும் என் குடோன் சுவரைப் பார்த்து விரிந்திருந்தன.

"ஏ புள்ள, நான் சொன்னதை அது கேட்டுச்சா? உள்ளதைச் சொல்லு" என்று முடிந்தமட்டும் குரலை அடக்கிக் கேட்டேன்.

"கேட்டுச்சுங்க பெரியம்மா."

"உன்கிட்ட என்னன்னு சொல்லுச்சு?"

"அது ஒண்ணுஞ் சொல்லாதுங்க. கேக்க மட்டுந்தானுங்க செய்யும்." பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆனா அதுக்கப்பறம் அது பூவே திங்கலீங்க" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஒன்பது வருசமாக நான் தறிச் சத்தத்துக்குள் சொல்லிக்கொண்டிருந்ததை ஒரு ஜீவன் கேட்டு, அதற்காக ஒரு வேளை சாப்பிடாமல் இருந்திருக்கிறது. நான் தொட்டியடியில் உட்கார்ந்தேன், அது பயந்து பயந்து வந்து என் முழங்கையை ஒருமுறை மோந்து பார்த்தது. அன்றோடு நான் அந்தக் குழந்தையின் கட்சி.

நான்காம் மாதத்துக்கு முன்னால் சங்கக் கூட்டம் போட்டார்கள். ரகசியக் கூட்டம், ஆகவே தறி ஓடும்போதே நடத்தினார்கள், எல்லோரும் எல்லோர் உதட்டையும் பார்த்துக்கொண்டு. சென்னியப்பன் எழுந்தான். "இந்தச் சனியன் வந்ததுலருந்து ஊருல ஒருத்தன் மூஞ்சில ஒருத்தன் முழிக்க முடியல. நான் ஜெனரேட்டர் வாங்கியாச்சுங்க. அடுத்த தடவ கரண்ட் போனாலும் என்ற தறி ஓடும். செத்தா சாவுட்டும், போனா போவுட்டும்."

"உன்ற தறி ஓடுனா, மொதல்ல உன்ற மண்டைதான் ஒடையும்" என்றேன் நான்.

"தெய்வாத்தாக்காவுக்கு என்னாச்சு? அந்தப் புள்ள ஏதாச்சும் வசியம் பண்ணிப்போட்டுதாட்ட இருக்குது" என்றது யாரோ ஒரு உதடு. யாருடைய உதடு என்று நான் பார்த்துவிட்டேன், அது இப்போது எதற்கு.

கூட்டத்துக்கு வெளியே சஷ்டிகா நின்றிருந்தாள், கதவு இடுக்கில் எல்லா உதட்டையும் படித்துவிட்டாள். நான் வெளியே வந்ததும் என் சேலையைப் பிடித்து இழுத்து, "அதை வரவேண்டாம்னு சொல்றதுக்கு எனக்குத் தெரியலீங்க பெரியம்மா. பாடுனா வந்துருது. பாடாட்டியும் வந்துருது. நீங்க பாத்துக்குவீங்களா?" என்று கேட்டாள். பாத்துக்கறேன் கண்ணு என்று சொன்னேன். அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

நான்காம் மாதம் அந்த நாள் வந்தது. ஒன்பது மணிக்குக் கரண்ட் போன உடனே பழைய நூல் சாக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எங்கள் ஊரில் கரண்ட் போனால் தறிச் சுவிட்சை யாரும் அணைப்பதில்லை, கரண்ட் வந்ததும் தறி தானாக அடித்தால்தான் கரண்ட் வந்தது தெரியும் என்று அப்படியே விட்டுவிட்டு உறங்கப் போய்விடுவோம். ஐந்து மணி என்று சொல்லிவிட்டு மூன்று மணிக்கே கரண்ட் விட்டுவிட்டால் அசுணத்தின் கதி என்ன? அதனால் குடோன் குடோனாக நுழைந்து, மெயின் பலகையில் கரண்ட்டைத் தறிக்கு விடுகிற பீஸ்கட்டையைப் பிடுங்கினேன். கட்டை இல்லாத தறி எப்படி ஓடும்? யாராவது சண்டைக்கு வருவார்கள் என்று பார்த்தேன், ஒருவரும் வரவில்லை, "என்றதை எடுத்துக்கங்கக்கா, எதுத்த வூட்டுக்காரனோடதை எடுத்துட்டீங்களா?" என்றுதான் ஒவ்வொருவரும் உதட்டால் கேட்டார்கள். என் குடோன் கட்டையை முதலிலேயே சாக்கில் போட்டாயிற்று. கடைசியாகச் சென்னியப்பன் வாசலில் நின்றேன். அவன் உள்ளே போய், தன் கட்டைகளையும் ஜெனரேட்டரைச் சுற்றிவிடுகிற கைப்பிடியையும் கொண்டுவந்து சாக்கில் மெதுவாக, சத்தம் வராமல் வைத்தான்.

எனக்கு அப்போதுதான் சந்தேகம் பலமானது. இத்தனை லேசாகக் கொடுக்கிறான் என்றால் உள்ளே இன்னொன்று வைத்திருக்கிறான்.

சாக்கைக் கொண்டுவந்து சிமெண்ட் தொட்டிக்கு நேர் எதிரே போட்டு அதன் மேலேயே உட்கார்ந்தேன். பதினொரு மணிக்கு அசுணம் வந்தது. சஷ்டிகா பாடினாள், அது பூ தின்றது, இரண்டும் நிழலைப் பிடித்து விளையாடின, சுவருக்கு மேல் ஊர் முழுக்க உட்கார்ந்து ஒருவரை ஒருவர் வேவு பார்த்தது, ஒருவருக்கு இருமல் வந்தால் முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்தார்கள். இரண்டு மணிக்கு அது அவள் மடியில் தூங்கிப்போனது.

மூன்று மணி பத்து நிமிசத்துக்கு டீக்கடை குண்டு பல்பு எரிந்தது. கரண்ட் வந்துவிட்டது.

ஊர் மூச்சை இழுத்துப் பிடித்தது. நானூறு தறியில் ஒன்றுகூட அசையவில்லை. கரண்ட் இருந்தும் வேலாங்காட்டுப்புதூர் கம்மென்று கிடந்தது, அப்படி ஒரு நிமிசம் அந்த ஊர் தோன்றிய நாளிலிருந்து இருந்ததில்லை, குழந்தையின் பாட்டு மட்டும் கேட்டது, ஒவ்வொரு சொல்லும் கேட்டது, என் ஊர்ச் சனங்கள் மேலேயே எனக்கு ஒரு ஆசை வந்தது, பரவாயில்லையே இந்தக் கழுதைகள் என்று மனசு நிறைந்துபோயிற்று. சஷ்டிகா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அப்போது சென்னியப்பன் எழுந்தான். சுவரிலிருந்து இறங்கி, செருப்பில்லாத காலோடு, திரும்பிப் பார்க்காமல் தன் குடோனுக்கு நடந்தான். கதவுக்குள்ளே கையை விட்டான். சுவிட்சுப் பலகை இருக்கிற பக்கம்.

அவன் கட்டை என் கீழேதான் இருக்கிறது. கைப்பிடியும் என் கீழேதான், தொடையில் குத்திக்கொண்டு இருக்கிறது. அதெல்லாம் எனக்கு ஞாபகம் வரவில்லை. இதோ போடப்போகிறான், இதோ கொல்லப்போகிறான், படுபாவி என்பது மட்டும்தான் தலைக்குள் இருந்தது.

"சென்னியப்பாஆஆ! சுவிட்சுல கைய வெச்சீன்னா கைய வெட்டிப் போடுவேன்டா!"

பன்னிரண்டு தறிக்கு மேலே நாற்பது வருசம் கத்திப் பழகிய குரல். எதிர்ச் சுவரில் பட்டு, கரட்டில் பட்டு, திரும்பி வந்தது. முருங்கை மரத்துக் காக்கைகள் மொத்தமாக எழுந்து பறந்தன.

சென்னியப்பன் இரண்டு கையாலும் குடோன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். காற்றில் கதவு ஆட ஆரம்பித்திருந்தது, அடித்துக்கொண்டு சத்தம் வரப்போகிறதே என்று உள்தாழ்ப்பாளைப் பிடிக்கத்தான் கையை விட்டிருக்கிறான். கதவை விடாமலே என்னைப் பார்த்தான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது.

அசுணம் ஒரே ஒருமுறை காதை விரித்தது. பிறகு தலையை அந்தக் குழந்தையின் மடியிலேயே திருப்பி வைத்துக்கொண்டது. காது இரண்டும் மெதுவாக மடிந்தன.

சஷ்டிகா இன்னும் கொஞ்ச நேரம் பாடினாள். தூக்கத்தில் திடுக்கிட்டதென்று நினைத்துத் தட்டிக் கொடுத்தாள், மூஞ்சியைத் தூக்கிப் பார்த்தாள், முருங்கைப்பூவை மூக்கின் அருகில் வைத்துப் பார்த்தாள். எலிசபெத் டீச்சர் சுவரிலிருந்து இறங்கி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். ராசாமணி ஓடி வந்தாள். அதற்குப் பிறகுதான் அந்தக் குழந்தை பாட்டை நிறுத்திவிட்டு நிமிர்ந்து வீதியைப் பார்த்தது, ஒவ்வொரு குடோனாகப் பார்த்தது, கடைசியில் என்னைப் பார்த்தது.

அவள் சத்தம் போடவில்லை. உதடு மட்டும் அசைந்தது. "எந்தத் தறிங்க பெரியம்மா ஓடுச்சு?" பார்த்துக்கொள்கிறேன் என்று சத்தியம் செய்த பெரியம்மாவின் குரல் கொன்றிருக்கும் என்று அந்தக் குழந்தைக்குத் தோன்றவே இல்லை, கொல்கிற சத்தம் என்றால் அதற்குத் தறிதான்.

ஊர் முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. சென்னியப்பன் பக்கம் ஒரு விரலை நீட்டியிருந்தால் போதும், அந்தக் குழந்தை நம்பியிருக்கும், ஊரும் ஒருவேளை ஒத்துக்கொண்டிருக்கும். நான் சாக்கு மூட்டையிலிருந்து எழுந்தேன். அவள் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்து நான் துளிச் சத்தமும் இல்லாமல் உதட்டால் மட்டும் பேசி ஒரு உயிருக்கும் வலிக்காமல் இருந்தது அன்றைக்குத்தான், அதுவும் யாருக்கும் உதவாமல் போன பிறகு.

"என்ற தறிதான் கண்ணு" என்றேன்.